கம்ப்யூட்டரை யார் பேரில் ஏற்றுவது?

கேள்வி, 9 நவம்பர் 2024

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். வருகைப் பதிவையும் இன்டர்னல் மார்க்கையும் டேப்லெட்டில் ஏற்ற வேண்டும் என்று சொல்லி நிர்வாகம் வாங்கிக் கொடுத்துவிட்டது. பெட்டி பிரிக்காமல் பீரோவில் கிடக்கின்றன. சீனியர்களுக்கு இயந்திரம் என்றாலே பயம், வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. கல்லூரிகளுக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்தபோதும் இதே கதைதானா? அப்போது பணியில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

9 நவம்பர் 2024, இரவு 9.40

பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரை, அதாவது எந்தப் பொருள் யார் பொறுப்பில் என்று எழுதும் பதிவேட்டைப் பார்த்து வந்த பயம் அது.

நான் கடலூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன். பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் ஊகித்துக்கொள்ளலாம். எண்பதுகளின் கடைசியில் எங்களுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது, பி.சி. எக்ஸ்.டி. என்ற வகை. அதுவும் மார்ச் கடைசி வாரத்தில். 31-ஆம் தேதிக்குள் பில் கருவூலத்துக்குப் போகாவிட்டால் பணத்தை சரண்டர் செய்துவிட வேண்டும். அதனால் அவசரமாக வாங்கினார்கள், அவசரமாக ஸ்டோர் ரூமில் இறக்கினார்கள், அதன் பிறகு எந்த அவசரமும் இல்லாமல் அங்கேயே விட்டுவிட்டார்கள். பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட ஆளில்லை.

இந்தக் கையெழுத்தின் கனம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எந்தப் பொருள் உங்கள் பேரில் ஏறுகிறதோ அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. ஓய்வு பெறும் நாளில் எல்லாவற்றையும் அடுத்தவரிடம் எண்ணி ஒப்படைத்து 'நிலுவை இல்லை' என்று சான்று வாங்க வேண்டும். அது வரும்வரை பணிக்கொடை நிற்கும். எங்கள் வேதியியல் துறையில் ஒருவர், அவருக்கு முந்தையவர் காலத்திலேயே காணாமல் போன ஒரு க்ரூசிபிளுக்காக, அதாவது ஆய்வகத்தில் சூடாக்கும் பிளாட்டினம் கிண்ணத்துக்காகப் பணிக்கொடை நின்று அலைந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த வருடம். அதைக் கண்ணால் பார்த்த ஸ்டாஃப் ரூம் அது. அங்கே போய், க்ரூசிபிளைவிடப் பலமடங்கு விலையுள்ள ஒரு பெட்டியை யார் பேரில் ஏற்றலாம் என்று கேட்டால் யார் கை தூக்குவார்கள்?

9 நவம்பர் 2024, இரவு 10.15

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் டேப்லெட்டுகள் யார் பேரில் இருக்கின்றன? அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். சீனியர்களின் மனோதத்துவத்தை அப்புறம் ஆராயலாம்.

11 நவம்பர் 2024

வாங்கின கதையைக் கேட்கிறார்கள். சரி.

அதற்கு முன் ஒன்று. இயந்திரம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே நாங்கள் புரோகிராமிங் 'நடத்திக்கொண்டு' இருந்தோம். பாடத்திட்டத்தில் ஃபோர்ட்ரான் என்ற புரோகிராமிங் மொழி இருந்தது, கல்லூரியில் கம்ப்யூட்டர் இல்லை. கோடிங் ஷீட் என்று 80 கட்டம் போட்ட தாள். முதல் 5 கட்டம் வாக்கிய எண்ணுக்கு, 6-ஆவது கட்டம் முந்தின வரியின் தொடர்ச்சி என்று காட்ட, 7 முதல் 72 வரை உங்கள் கட்டளை. 6-ஆவது கட்டத்தில் தவறி எழுதினால் மார்க் போகும். ஏன் அப்படி என்று ஒரு பையன் கேட்டபோது, துளையிட்ட அட்டைகளின் காலத்தில் வகுத்த விதி என்று விளக்கினேன். அந்த அட்டையை அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கரும்பலகையில் நீச்சல் சொல்லிக்கொடுப்பது என்றால் அதுதான்.

1984-இல் ராஜீவ் காந்தி அரசின் புதிய கம்ப்யூட்டர் கொள்கை வந்து இறக்குமதி வரிகள் குறைந்த பிறகுதான் பி.சி. என்பது ஒரு கல்லூரி கனவு காணக்கூடிய பொருளானது. அதே சமயம் பள்ளிகளில் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தும் கிளாஸ் திட்டத்தில் சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற சிறு கம்ப்யூட்டர் போயிற்று. பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, கல்லூரியில் இல்லையா என்ற வாதத்தை எங்கள் கடிதங்களில் நான் வெட்கமில்லாமல் பயன்படுத்தினேன்.

மூன்று கொட்டேஷன் வேண்டும். சென்னையில் ஒன்று, உள்ளூரில் ஒன்று, பாண்டியில் ஒன்று வாங்கினோம். பாண்டியில் விற்பனை வரி குறைவு. கடலூர்க்காரன் மிக்ஸி வாங்கக்கூட பஸ் ஏறிப் பாண்டிக்குப் போன காலம். ஆகவே பாண்டிக் கொட்டேஷன்தான் குறைந்த விலை. உடனே ஒரு நோட்: 'வேறு மாநிலத்தில் வாங்கலாமா?' அதற்கு ஒரு விளக்கம். விளக்கத்துக்கு ஒரு விளக்கம். கடைசியில் அனுமதி வந்து, வேனில் ஏற்றிக்கொண்டு வந்தால் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். பாண்டியிலிருந்து அட்டைப்பெட்டியில் வருவது என்னவாக இருக்கும் என்பதில் போலீசாருக்கு ஒரு அனுபவம் உண்டு. பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலுக்கு அடியிலும் கையை விட்டுப் பார்த்து, மானிட்டரை வெளியே எடுத்த கான்ஸ்டபிள் 'டிவியா சார்?' என்றார். ஆமாம் என்றேன். வேறு எதைச் சொன்னாலும் இன்னொரு மணி நேரம் ஆகியிருக்கும்.

12 நவம்பர் 2024

'யூனியன்காரர்கள்தான் கம்ப்யூட்டரை விடவில்லை' என்று ஒருவர் கேட்டிருக்கிறார், கேள்வி மாதிரி இல்லாமல் தீர்ப்பு மாதிரி. அது வங்கிக் கதை. அங்கேயும் முழுக் கதை அது இல்லை. 1983-இலேயே வங்கி ஊழியர் சங்கங்கள் நிர்வாகத்தோடு உட்கார்ந்து, எவ்வளவு இயந்திரமயம், எந்த வேலைக்கு என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. வங்கிகளில் கம்ப்யூட்டர் பற்றிய ரங்கராஜன் குழுவின் அறிக்கை 1984-இல். ஆள்குறைப்பு வருமா என்ற கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்டார்கள், அதற்குப் பதிலும் வாங்கினார்கள்.

கல்லூரியில் எந்த ஆசிரியர் சங்கமும் கம்ப்யூட்டருக்கு எதிராகக் கொடி பிடித்து நான் பார்க்கவில்லை. எங்கள் கூட்டங்களில் பேசியதெல்லாம் யுஜிசி சம்பளம். கம்ப்யூட்டர் அஜெண்டாவிலேயே வராது. கல்லூரியில் எதிர்ப்பு வரும் விதமே வேறு. 'நல்ல யோசனை, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார்கள்.

16 நவம்பர் 2024

ஏ.சி. பற்றிக் கேட்ட நண்பருக்கு.

கம்ப்யூட்டருக்கு ஏ.சி. வேண்டும் என்று சப்ளையர் எழுதிக் கொடுத்தார். ஃபைல் மேலே போய்த் திரும்பியது. கேள்வி என்ன தெரியுமா? 'முதல்வர் அறைக்கே குளிர்சாதனம் இல்லாத நிலையில்...' அந்த வாக்கியம் அப்படியே புள்ளிகளோடு முடிந்திருந்தது. எழுதியவருக்கே மேலே எப்படிப் போவது என்று தெரியவில்லை போல. கடைசியில் அனுமதி வந்தது. கத்திரி வெயிலில் முதல்வர் 'கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள' தினமும் மதியம் வந்து உட்கார்ந்தார். ஃபைல்களையும் அங்கேயே பார்த்தார். அந்த ஒரு மே மாதத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு நகர்ந்த காகிதங்கள் அதற்கு முன்னும் பின்னும் நகரவில்லை. அந்த ஏ.சி.க்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வருவது எல்லா ஊரிலும் உண்டு. கடலூரின் தனித் தொல்லை உப்புக்காற்று. ஜன்னலை எத்தனை மூடினாலும் இயந்திரத்துக்குள் செருகியிருக்கும் சர்க்யூட் கார்டுகளின் விளிம்பில் இருக்கும் தொடர்புப் பட்டைகள் மங்கிப்போகும், திரையில் ஒன்றும் வராது. பாண்டியிலிருந்து இன்ஜினியர் வர வேண்டும், அதற்கு சர்வீஸ் ஒப்பந்தம் வேண்டும், அதற்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். நாங்கள் செய்தது, பெட்டியைத் திறந்து, கார்டை உருவி, பென்சில் ரப்பரால் பட்டையைத் தேய்த்துத் திரும்பச் செருகுவது. பத்துக்கு ஏழு தடவை வேலை செய்யும். இதை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் ஆய்வக உதவியாளர், எட்டாம் வகுப்பு படித்தவர். இயற்பியல் துறைக் கருவிகளில் அதே வைத்தியம் பார்த்த கை.

17 நவம்பர் 2024

நேற்று எழுதியதன் தொடர்ச்சி, பதிவேட்டுக்கே திரும்பி வருகிறேன்.

கோப்புகளைச் சேமிக்கும் பிளாப்பி வட்டை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று ஒரு பிரச்சினை எழுந்தது. ஸ்டோர் கீப்பர் யோசித்து, சாக்பீஸ், மை மாதிரி செலவாகும் பொருளில் சேர்த்தார். நியாயம்தான். ஆனால் புதிது கேட்டுப் போனால், 'பழசு தீர்ந்துவிட்டதா? தீர்ந்ததைக் காட்டுங்கள்' என்பார். 360 கே.பி. நிரம்பிவிட்டது என்பதை அவருக்கு எப்படிக் காட்டுவது? அதில் உள்ள கோப்புகளின் பட்டியலை பிரிண்ட் எடுத்து, 'மீதி இடம் 0' என்ற வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு புதிது கொடுத்தார். அதன் பிறகு அந்தத் தாளே விதியாகிவிட்டது.

ஆடிட் வந்தது. எக்ஸ்.டி. இயந்திரத்தில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி கேட்கும். சோம்பேறிகள் என்டரைத் தட்டிவிட்டுப் போவார்கள், அது 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். ஆடிட்டர் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தார். பாதிக் கோப்புகள் 1-1-1980. 'இயந்திரம் வாங்குவதற்கு எத்தனையோ வருடம் முன்பே கோப்புகள் இருக்கின்றனவே, பழைய இயந்திரத்தைப் புதிது என்று பில் போட்டு வாங்கினீர்களா?' என்று எழுத்துமூலம் கேட்டுவிட்டார். சிரிக்க முடியுமா? இயந்திரத்தை இயக்கும் டாஸ் என்ற மென்பொருள் எப்படித் தேதியைக் கணக்கிடுகிறது என்று இரண்டு பக்கம் எழுதி, முதல்வரின் மேலொப்பத்தோடு அனுப்பினோம். அடுத்த வருடம் அந்த ஆடிட் ஆட்சேபணை கைவிடப்பட்டது. அதிலிருந்து ஆய்வகக் கதவில், செருப்பு அறிவிப்புக்குக் கீழே, 'தேதியைத் தவறாமல் அடிக்கவும்' என்று ஒரு அட்டை தொங்கியது.

23 நவம்பர் 2024

கேள்வி கேட்ட அம்மா விசாரித்துச் சொல்லியிருக்கிறார். டேப்லெட்டுகள் எல்லாம் துறைத் தலைவர் ஒருவர் பேரில். அவர் வரும் மே மாதம் ஓய்வு. பீரோ சாவி அவரிடம். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஆனால் முதல் நாள் எல்லாவற்றையும் பதிவேட்டின் தலையில் போட்டதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதிவேடு மட்டும் காரணம் என்றால், இயந்திரம் என் பேரில் ஏறிய பிறகு (ஆமாம், கடைசியில் நான்தான் போட்டேன், அப்போது எனக்கு வயது குறைவு, க்ரூசிபிள் நினைவு மங்கலாக இருந்தது) எல்லோரும் வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. வராததற்கு இன்னொரு காரணம் இருந்தது, அதை எனக்குப் புரியவைத்தவர் அலுவலகக் கண்காணிப்பாளர்.

டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் மதிப்பெண் பட்டியல் போடும் புரோகிராம் ஒன்று எழுதினேன். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மாணவர் பெயர், ஐந்து தாள், கூட்டுத்தொகை, வரிசை எல்லாம் தானாக வரும். அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தேன். கண்காணிப்பாளர் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: 'சார், இதைப் போட்டுவிட்டால் லெட்ஜர் எழுத வேண்டாமா?' லெட்ஜர் விதிப்படி வேண்டும், அது நிரந்தரப் பதிவேடு, கையெழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றேன். 'அப்படியானால் முன்பு ஒரு வேலை, இனி இரண்டு வேலை. குறைந்தது யாருக்கு சார்?' என்றார்.

என்னிடம் பதில் இல்லை. குறைந்தது எனக்குத்தான், ஏனென்றால் லெட்ஜர் எழுதுவது நான் இல்லை. ஸ்டாஃப் ரூமிலும் அதேதான். மார்க்கைத் தாளில் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, அதற்கப்புறம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து செருப்பைக் கழற்றி உட்கார்ந்து ஒரு விரலால் தட்ட வேண்டும். 'எனக்கு இதெல்லாம் வராது சார்' என்று அவர்கள் சொன்னது மரியாதைக்கு. வந்திருக்கும். ஏன் வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

அதற்கு வழி சொன்னதும் அதே கண்காணிப்பாளர்தான். இன்டர்னல் தேர்வுக்கு லெட்ஜர் கட்டாயம் இல்லை, வழக்கம்தான், அதை முதல்வர் ஒரு சுற்றறிக்கையில் நிறுத்தலாம் என்று விதியைக் காட்டினார். பிரிண்ட் அவுட்டில் ஆசிரியர் கையெழுத்துப் போட்டு பைண்ட் செய்தால் அதுவே பதிவேடு. சுற்றறிக்கை வந்தது. அந்தப் பருவமே தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் முதல் ஆளாக வந்தன. வேதியியல் கடைசி. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எதிர்ப்பாளர் என்று நான் பட்டம் கட்டியிருந்த மனிதர் அந்தக் கண்காணிப்பாளர். எதிர்த்தார்தான். ஃபைலை நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் அதை ஓட்டவும் தெரியும்.

4 டிசம்பர் 2024

இங்கே கரண்ட் இல்லாமல் இருந்தது. ஃபெஞ்சல் புயல் 30-ஆம் தேதி பாண்டிப் பக்கம் கரையேறி அங்கேயே நின்றுவிட்டது. சாத்தனூரில் திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து கடலூரில் பல தெருக்களில் புகுந்தது. வீடு பரவாயில்லை. பிறகு எழுதுகிறேன்.

5 டிசம்பர் 2024

புயல் என்றதும் நினைவு வந்தது. 2011 டிசம்பர் 30-இல் அடித்த 'தானே' என்ற புயலில் ஆய்வகம் என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். போய்ப் பார்த்தேன். ஜன்னல் கதவு இல்லை, இயந்திரங்கள் நனைந்திருந்தன, பதிவேடு மட்டும் அலுவலகத்து இரும்பு பீரோவில் பத்திரமாக இருந்தது. இதைக் கேட்டுக் கண்காணிப்பாளர் சிரித்தார். அவரும் ஓய்வு.

10 டிசம்பர் 2024

வைரஸ் பற்றி ஒரு துணைக் கதை. 1992 மார்ச் 6-ஆம் தேதி மைக்கேலாஞ்சலோ வைரஸ் ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும் என்று பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதற்குள் எங்களிடம் எக்ஸ்.டி.க்கு அடுத்த தலைமுறையான சில புது ஏ.டி. இயந்திரங்களும் இருந்தன. அன்று ஆய்வகத்தைப் பூட்டி சாவியைத் தன்னிடம் தர வேண்டும் என்று முதல்வர் உத்தரவு. பூட்டினோம். ஆனால் அந்த வைரஸ் தேதி பார்ப்பது இயந்திரத்துக்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில். எங்கள் பழைய எக்ஸ்.டி.க்கு அந்தக் கடிகாரமே கிடையாது. ஆடிட்டரிடம் மாட்டிவிட்ட அதே குறை அன்றைக்கு அதைக் காப்பாற்றியிருக்கும். பூட்டு தேவைப்பட்டது புது இயந்திரங்களுக்கு மட்டும்.

15 டிசம்பர் 2024

டைப்பிஸ்ட்டுகள் என்ன ஆனார்கள் என்று கேட்டவருக்குத் தாமதமாகப் பதில். இது எனக்கு உறுத்தும் விஷயம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு அம்மா இருந்தார், டைப்பிங்கில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் அடித்தால் ஒரு பிழை இருக்காது. கடிதம் அடிக்கும் மென்பொருளான வேர்ட்ஸ்டார் வந்ததும் ஆங்கிலக் கடிதங்கள் இயந்திரத்துக்குப் போயின, தமிழ்க் கடிதங்கள் அவரிடமே நின்றன. டாஸில் தமிழ் வர வேண்டும் என்றால் மத்திய அரசின் கணினி நிறுவனமான சிடாக்கின் ஜிஸ்ட் கார்டு மாதிரி தனியாக ஒன்று வாங்கிப் போட வேண்டும், அதற்கு எங்களுக்கு ஒதுக்கீடு வரவே இல்லை. ஆக அவர் வேலை தப்பித்தது தமிழால். விண்டோஸ் வந்தபின் பாமினி எழுத்துரு. ஒரு இயந்திரத்தில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத இன்னொன்றில் திறந்தால் குப்பை மாதிரி ரோமன் எழுத்துகள். 1999-இல் சென்னையில் தமிழ்இணையம் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை தரமானது. நான் உற்சாகமாகப் போய் அவரிடம், எளிது, குறைந்த விசைகள், கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். 'இருபது வருஷம் பழகிய கை சார்' என்றார். பழைய தட்டச்சு அமைப்பிலேயே அடிக்க ஒரு மென்பொருள் தேடிப் போட்டுக் கொடுத்தேன். என்னைவிட மூன்று மடங்கு வேகமாக அடித்தார். எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்ற 2010-க்கு முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அதற்கு இயந்திரத்தைக் குற்றம் சொல்வதா, நிதித்துறையைச் சொல்வதா, தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன.

28 டிசம்பர் 2024

'கடைசியில் உங்கள் கையெழுத்து என்ன ஆயிற்று?' என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

ஓய்வுக்கு ஒரு வருடம் முன் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த எக்ஸ்.டி. இன்னும் என் பேரில். பல வருடமாக ஓடவில்லை, மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்து இருந்தது. தூக்கிப் போட முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் ஸ்டாக் வெரிஃபிகேஷனில் வேறு துறை ஆசிரியர் வந்து எண்ணுவார். கழிவு செய்ய வேண்டும் என்றால் 'பயனற்றது, பழுது பார்க்க இயலாதது' என்று தொழில்நுட்பம் தெரிந்த அதிகாரி சான்று தர வேண்டும். அந்த மாதிரி இயந்திரத்தைப் பார்த்த அதிகாரியே அப்போது யாரும் சர்வீசில் இல்லை. கடைசியில் ஒரு இளைஞர் வந்தார். திறந்து பார்த்துவிட்டு, '20 எம்.பி. ஹார்ட் டிஸ்க்கா?' என்று தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். சான்று கொடுத்தார். ஏலத்தில் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. நிலுவை இல்லாச் சான்று நேரத்துக்கு வந்தது.

3 ஜனவரி 2025

அந்த அம்மாவுக்கு, சுருக்கமாக. மே மாதம் ஓய்வு பெறுகிறவரிடம் இப்போது போய் டேப்லெட்டைப் பிரியுங்கள் என்றால் அவர் பிரிக்க மாட்டார், நானும் பிரித்திருக்க மாட்டேன். அவற்றைத் துறைவாரியாகப் பிரித்து மாற்றும் பட்டியல் ஒன்று தயாரிக்கச் சொல்லுங்கள். யார் பயன்படுத்துகிறார்களோ அவர்கள் பேரில் ஒன்று, அவ்வளவுதான். உடைந்தால், தொலைந்தால் யார் தர வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலேயே எழுத்தில் வேண்டும். நீங்கள் கௌரவ விரிவுரையாளர், உங்கள் பேரில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றச் சொன்னாலும் போடாதீர்கள். அப்புறம் காகித வருகைப் பதிவு நிற்குமா என்று கேளுங்கள். நிற்காது என்றால் மூத்தவர்களைத் திட்டுவதில் பலன் இல்லை. இதையெல்லாம் முதல்வரிடம் கேட்பதற்கு முன் அலுவலகத்தில் யார் நோட் எழுதுகிறாரோ அவரிடம் கேளுங்கள்.

3 ஜனவரி 2025, பிற்பகல்

பழைய டிபேஸ் கோப்புகள் வைத்திருப்பவருக்கு: டிபேஸின் டிபிஎஃப் கோப்பை லிப்ரேஆபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருளில் நேரடியாகத் திறக்கலாம், சிக்கல் இல்லை. சிக்கல் பிளாப்பியில்தான். மூன்றரை அங்குலம் என்றால் யுஎஸ்பி டிரைவ் கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குலம் என்றால் அப்படி எளிதாகக் கிடையாது, பழைய டிரைவும் அதற்கேற்ற பழைய இயந்திரமும் வேண்டும். என்னிடமும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, மதிப்பெண் புரோகிராம் உட்பட. பாண்டியிலோ விழுப்புரத்திலோ யாரிடமாவது ஓடுகிற டிரைவ் இருந்தால் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டே வாங்கிக்கொள்கிறேன்.